மூலக்கொத்தளத்துச் சுரங்கம்

நான் சொன்ன பொய் ஒன்று பதினைந்து வருஷம் கழித்து என்னைத் தேடிக்கொண்டு வந்தது. வந்ததோடு நிற்கவில்லை, தலைக்கு முந்நூறு ரூபாய் கட்டணமும் வாங்கிக்கொண்டது.

ஆகஸ்டு மாதம் பிறந்தால் நம் பட்டணத்துக்குப் பிறந்தநாள் ஜுரம் கண்டுவிடுகிறது. 1639ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் தேதியைப் பிறந்தநாள் என்று வைத்துக்கொண்டு, 2004 முதல் கொண்டாடி வருகிறார்கள். சொற்பொழிவு உண்டு, படக்கண்காட்சி உண்டு, இவற்றோடு 'நடை' என்று ஒன்றும் உண்டு. வழிகாட்டி ஒருவர் முன்னே போவார். தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக இருபது பேர் பின்னே போவோம். அவர் நிற்கிற இடத்தில் நிற்க வேண்டும், அண்ணாந்து பார் என்றால் அண்ணாந்து பார்க்க வேண்டும். இந்த வருஷம் ஒரு நடைக்கு 'வடசென்னையின் பாதாளம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். என் மச்சினனுக்கு இந்த மாதிரி விஷயங்களில் பித்து அதிகம். "மாமா, உங்களுக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டேன்" என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்கு என்னைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

புத்தகத்துக்கு விமரிசனம் எழுதுகிறோம், நாடகத்துக்கு எழுதுகிறோம். பணம் கொடுத்து இரண்டு மணி நேரம் நின்றபடியே கேட்ட கதைக்கு மட்டும் ஏன் எழுதக் கூடாது? அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வழிகாட்டியைப் பற்றி. இருபத்தெட்டு வயதுக்கு மேல் இராது. கணீரென்ற குரல். எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும், எங்கே பேச்சை நிறுத்திவிட்டு எங்கள் முகங்களைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தொடர்கதை எழுதுகிறவன் வாரக் கடைசியில் 'தொடரும்' போடுகிற இடத்தைத் தேடி இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொள்கிறான். இவரோ ஒவ்வொரு தெரு முனையிலும் அநாயாசமாகத் 'தொடரும்' போட்டுவிட்டு நடந்தார். நாங்களும் வாயைப் பிளந்துகொண்டு பின்னால் ஓடினோம். தொழில்முறையில் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டாயிற்று என்பதை மறைப்பானேன்?

ஆரம்பம் ராயபுரம் பக்கத்து மாடிப் பூங்காவில். பட்டணத்தைச் சுற்றி எழுந்த பழைய மதில் சுவரில் எஞ்சி நிற்கிற துண்டு அது. மேலே மண் பரப்பிச் செடி வைத்து 1957இல் பூங்காவாக்கினார்கள். கீழே, சுவரின் வயிற்றில், வளைவு வைத்துக் கட்டிய உள்ளறைகள். இந்தச் சுவரின் கதையை அவர் நன்றாகவே சொன்னார். 1758 டிசம்பரில் லாலி என்ற பிரெஞ்சுத் தளபதி வந்து பட்டணத்துக்குள் புகுந்து கோட்டையை முற்றுகையிட்டான். இரண்டு மாதம் கழித்து, 1759 பிப்ரவரியில் இங்கிலீஷ்காரர்களின் கப்பல்கள் கடலில் தெரிந்த பிறகுதான் மூட்டை கட்டினான். சூடு பட்ட கம்பெனி, கறுப்பர் பட்டணத்துக்கு வடக்கிலும் மேற்கிலும் மதில் எழுப்பத் தீர்மானித்தது. தீர்மானம் நிறைவேறப் பத்து வருஷம் ஆயிற்று. 1769ஐ ஒட்டிப் பால் பென்ஃபீல்ட் என்கிறவர் காண்ட்ராக்ட் எடுத்துக் கட்டினார். ஆர்க்காட்டு நவாபுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்துக் கொழுத்தவர் என்று பின்னால் எட்மண்ட் பர்க் பார்லிமெண்டில் வைத்து விளாசினாரே, அதே பென்ஃபீல்ட்தான். செலவை ஈடுகட்ட ஜனங்கள் தலையில் வரி போடப் பார்த்தார்கள். வரி வசூலாகவே இல்லை. வால்டாக்ஸ் ரோடு என்ற பெயர் மட்டும் தங்கிவிட்டது. சுவரும் போய், வராத வரிக்கு ஒரு ரோடு நிற்பது நம் ஊரில்தான் நடக்கும்.

இதுவரை குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. உள்ளறைகளின் வாயில் நின்று கைவிளக்கை அடித்து, "இதுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு நினைக்கிறீங்க?" என்று அவர் கேட்டபோது என் பக்கத்தில் நின்ற அம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். உள்ளே இருட்டும் குப்பையும் தவிர ஒன்றையும் நான் காணவில்லை. ஆனால் கேட்ட விதம் அப்படி.

பிறகு பழைய ஜெயில் ரோடு வழியாக மேற்கே நடந்தோம். தங்கசாலை முனையைத் தாண்டி மூலக்கொத்தளத்துக்கு வந்து சேர்ந்தோம். மூலைக் கொத்தளம் என்பதுதான் மூலக்கொத்தளம் ஆயிற்று. மதில் வடக்கிலிருந்து மேற்கே திரும்புகிற மூலையில் இருந்த கொத்தளம். இன்றைக்குப் பார்ப்பதற்குக் கொத்தளம் என்று ஒன்றும் இல்லை. ரயில் பாதையும் லாரிகளும் இடுகாடும் வீடுகளும்தான் உண்டு. இங்கே வந்ததும் வழிகாட்டி குரலை ஒரு படி இறக்கினார்.

"1759. லாலி முற்றுகை போட்டிருக்கான். கோட்டைக்கு உள்ளே தோட்டா தீரப் போகுது. அப்போ இந்தக் கொத்தளத்துக்குக் கீழே இருந்த சுரங்கம் வழியா ஒரு பொண்ணு, ஒரு துபாஷோட மக, லெட்டரை மறைச்சு எடுத்துக்கிட்டுக் கோட்டைக்குப் போயிருக்கா…"

எனக்கு உடம்பு சிலிர்த்தது. பயத்தாலும் அல்ல, சரித்திரத்தாலும் அல்ல. அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். பதினைந்து வருஷங்களுக்கு முன், கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் பேனாவை நம்பிப் பிழைப்பு நடத்தத் தொடங்கியிருந்த காலத்தில், ஒரு வாரப் பத்திரிகைத் தொடரில் பதினேழாவது அத்தியாயம் நகராமல் நின்றது. கதாநாயகியைக் கோட்டைக்குள் கொண்டுசேர்க்க வேண்டும். சுற்றிலும் பிரெஞ்சுப் படை. ஆசிரியர் கூடத்திலிருந்து ஆள் வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டான். ஒரு சுரங்கத்தைத் தோண்டினேன். பதினைந்து நிமிஷத்தில் தோண்டி முடித்தேன்.

எல்லா ஊரிலும் சுரங்கக் கதை உண்டே, இது உம்முடையதுதான் என்று எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மதுரையில் மகாலிலிருந்து மீனாட்சி கோயிலுக்குச் சுரங்கம் என்பார்கள். கல்கி 'பொன்னியின் செல்வ'னில் வந்தியத்தேவனைப் பழுவேட்டரையரின் நிலவறைக்குள் இறக்கிவிட்ட நாள் முதல், நம்மில் யாருக்குத்தான் சுரங்கமில்லாத கோட்டை மனத்தில் பதிகிறது? ஆனால் என் சுரங்கத்தில் ஒரு கைரேகை இருக்கிறது. மேலே சொன்ன தேதிகளை வாசகர்கள் மறுபடி ஒரு முறை பார்க்க வேண்டும். முற்றுகை 1759இல் முடிந்துவிட்டது. மதில் எழுந்ததோ அதற்குப் பத்து வருஷம் கழித்து. மதிலே இல்லாத காலத்தில் மதிலின் மூலைக் கொத்தளம் எங்கிருந்து வரும்? இல்லாத கொத்தளத்தின் கீழே என் செங்கமலம் புகுந்தாள். அன்றைக்கு ஒரு வாசகர்கூட எழுதிக் கேட்கவில்லை. புத்தகமாக வந்த பிறகு நானே கண்டுபிடித்தேன், வெட்கத்தோடு விழுங்கிவிட்டேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் பிழை பிசகாமல் இப்போது தெருவில் நின்று பேசுகிறது! மாடிப் பூங்காவில் சரியான வருஷத்தைச் சொன்ன அதே வாய், அரை மணியில் இதையும் சொல்லிற்று. இருபது பேரில் ஒருவரும் விரல் விட்டு எண்ணவில்லை. போதாததற்கு, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மண்ணுக்கடியில் சலங்கைச் சத்தம் கேட்கும் என்று வேறு சேர்த்தார். சலங்கை என் சரக்கல்ல. அது அவருடைய அபிவிருத்தி.

பொய் என்பதற்காக நான் குறை சொல்ல வரவில்லை. பொய் சொல்லிப் பிழைக்கிறவன் அதைச் சொல்வதற்கு யோக்கியதை வேண்டும். எடின்பரோவில் மேரி கிங்ஸ் குளோஸ் என்று ஒரு சந்து இருக்கிறது. 1753க்குப் பிறகு அதன் மேலே பெரிய கட்டடத்தை எழுப்பினார்கள்; சந்து அடியில் போயிற்று. 1645இல் பிளேக் வந்தபோது நோயாளிகளை உள்ளே வைத்துச் சுவர் எழுப்பிவிட்டார்கள் என்று ரொம்ப நாள் கதை கட்டினார்கள். அப்படி நடக்கவில்லை என்பது சரித்திரக்காரர்களின் முடிவு. ஆனாலும் பேயைப் பார்க்கத்தான் கூட்டம் வருகிறது. அது போகட்டும். என் ஆட்சேபம் வேறு. சுரங்கக் கதை மோசமான கதை. ஏனென்றால் அது உண்மையில் கீழே இருப்பதை மூடிவிடுகிறது.

கீழே என்ன இருக்கிறது? முதலில் மணல், மணலுக்குக் கீழே தண்ணீர். மூலக்கொத்தளத்துக்குத் தெற்கே கூப்பிடு தூரத்தில் ஏழுகிணறு. 1772இல் காப்டன் பேக்கர் என்பவர் போட்ட திட்டப்படி அங்கிருந்துதான் கோட்டைக்குக் குடிதண்ணீர் போயிற்று. முற்றுகை வந்தால் தாகத்தால் சாகக் கூடாது என்ற கவலை. 1872இல் செங்குன்றத்து ஏரித் தண்ணீர் பட்டணத்துக்கு வரும் வரைக்கும் பட்டணத்தார் கிணற்றை நம்பித்தான் இருந்தார்கள். இப்படிக் கொஞ்சம் தோண்டினாலே ஊற்றெடுக்கிற மணல் பூமியில், கோட்டை வரைக்கும் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் சுரங்கம் தோண்டி, அதில் ஒரு பெண்ணை நனையாமல் நடத்திக்கொண்டு போக முடியுமா? முடியும், நம் காலத்தில் முடிந்தது. ராட்சச இயந்திரத்தை இறக்கி, குடைந்துகொண்டு போகிற வழியெல்லாம் சிமெண்டு வளையங்களை அடுக்கி, மண்ணடி வழியாக வண்ணாரப்பேட்டைக்கு மெட்ரோ ரயில் விட்டார்கள். 2019 பிப்ரவரியில் அது ஓடத் தொடங்கிற்று. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரைக்கும் நீண்டது. வடசென்னையின் பாதாளத்தைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் சில பத்து ரூபாய்ச் சீட்டில் குளுகுளுவென்று பார்க்கலாம். சலங்கைச் சத்தம் மட்டும் கேட்காது.

பிறகு, கீழே மனிதர்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது இதைத்தான்.

தங்கசாலை முனையிலிருந்து வருகிற வழியில் தெரு நடுவே மூடி திறந்த குழி ஒன்றைக் கண்டோம். கயிறும் வாளியுமாக ஒருவர் மேலே நின்றார். குழிக்குள்ளே கழுத்தளவு இறங்கி இன்னொருவர். தலை மட்டும் ரோட்டின் மட்டத்துக்கு வெளியே தெரிந்தது. எங்கள் செருப்புகளின் உயரத்துக்கு. எங்களோடு வந்த ஒரு பையன், ஏழெட்டு வயதிருக்கும், கேட்டான்: "அங்கிள், இவர் சுரங்கத்துக்குள்ள போறாரா?"

நியாயமான கேள்வி. 'பாதாளம்' என்று விளம்பரம் செய்த நடை இது. நம் நகராட்சித் தமிழில் பாதாளம் என்ற சொல் ஒரே ஒரு இடத்தில்தான் உயிரோடு இருக்கிறது. அது பாதாளச் சாக்கடை.

வழிகாட்டி திரும்பிப் பார்க்காமலே, "அது வேற" என்றார். நடையை எட்டிப் போட்டார். நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓரமாக ஒதுங்கிப் போனோம். நானும்தான்.

மனிதரைச் சாக்கடைக்குள் இறக்கக் கூடாது என்று 2013இல் சட்டம் இருக்கிறது. இறக்கிச் செத்தால் பத்து லட்சம் கொடு என்று 2014இல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. 2023இல் அதை முப்பது லட்சம் ஆக்கிற்று. சட்டமும் தீர்ப்பும் இருக்கையில் அந்தத் தலையும் ரோட்டு மட்டத்தில் இருந்தது. மதில் விழுந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. அதைப் பார்க்கக் கைவிளக்கு அடிக்கிறோம். பட்டப்பகலில் தெரிகிறதை 'வேற' என்கிறோம்.

பாரிஸ் நகரத்தில் இந்த வெட்கம் அவ்வளவாக இல்லை. 1867இல் அங்கே உலகக் கண்காட்சி நடந்தபோது சாக்கடையையே சுற்றிக்காட்ட ஆரம்பித்தார்கள். சீமாட்டிகள் வண்டியிலும் படகிலும் உட்கார்ந்து போனார்கள்; தள்ளினவர்கள் சாக்கடைத் தொழிலாளிகள். அதற்கு ஐந்து வருஷம் முந்தித்தான் விக்டர் யூகோ தம் கதாநாயகனை அதே சாக்கடைக்குள் இறக்கியிருந்தார். சுத்தானந்த பாரதியார் தமிழாக்கி, 1950இல் 'ஏழை படும் பாடு' என்று படமாகவும் வந்ததே, அந்தக் கதைதான். அந்தப் படத்தில் இன்ஸ்பெக்டராக நடித்த சீதாராமனுக்கு ஜாவர் என்ற பெயர் ஆயுசுக்கும் ஒட்டிக்கொண்டது. யூகோ கதாநாயகனைச் சாக்கடையில் இறக்கின கையோடு கதையை அப்படியே நிறுத்திவிட்டு, அந்தச் சாக்கடையின் சரித்திரத்தைப் பக்கம் பக்கமாக எழுதுகிறார். அந்தப் பக்கங்களைப் புரட்டித் தள்ளிவிடுகிற வாசகர்களில் நானும் ஒருவன். இப்போது திரும்பப் படிக்க வேண்டும் போலிருக்கிறது.

அதே 1860களில் நாதார் என்ற புகைப்படக்காரர் பாரிஸின் எலும்புச் சுரங்கங்களில் விளக்கு வைத்துப் படமெடுத்தார். ஒரு படத்துக்குப் பதினெட்டு நிமிஷம் வரைக்கும் அசையாமல் நிற்க வேண்டும். எந்தத் தொழிலாளியால் முடியும்? ஆகையால் பொம்மைகளுக்குத் தொழிலாளிச் சட்டையை மாட்டி நிறுத்தினார். இன்றைக்கும் அந்தப் படங்களில் எலும்பு வண்டியை இழுப்பது பொம்மைதான். எனக்கு அந்தப் படங்கள் ரொம்பப் பிடிக்கும். ஆனால் சுற்றுலாவின் கஷ்டமும் அதிலேயே இருக்கிறது: எலும்பு நிஜம், ஆள் பொம்மை.

நடை முடிந்த இடம் இடுகாடு. நான் செங்கமலத்தைப் புதைகுழி ஒன்றின் வழியாகத்தான் இறக்கியிருந்தேன். ஆகையால் வழிகாட்டியும் ஒரு சிதைந்த கல்லறையைக் கையால் காட்டினார். எல்லாரும் படமெடுத்துக்கொண்டார்கள். தாளமுத்து, நடராசன் நினைவிடத்துக்கு ஒரே ஒரு வாக்கியம் கொடுத்தார். 1937இல் தொடங்கிய இந்தி எதிர்ப்பில் சிறை சென்று, 1939 ஜனவரியில் நடராசனும் மார்ச்சில் தாளமுத்துவும் உயிர் விட்டார்கள். மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் விடுதலை என்றதற்கு நடராசன் மறுத்துவிட்டதாக இயக்கத்தார் சொல்வார்கள். ஆண்டுதோறும் ஜனவரி 25ஆம் தேதி கட்சிக்காரர்கள் மாலையோடு இங்கே வருகிறார்கள். அன்றைக்கு வழிகாட்டி தேவையில்லை. 2018இல் இடுகாட்டின் ஒரு பகுதியில் குடியிருப்புக் கட்டப் போகிறார்கள் என்று தெரிந்து பெரிய கிளர்ச்சி நடந்தது. வீடில்லாதவனுக்கு வீடு வேண்டும், பாட்டனைப் புதைத்தவனுக்கு அந்த ஆறடி வேண்டும். மண்ணுக்கு மேலே ஒரு நியாயம், கீழே ஒரு நியாயம். ஒரு நாவலுக்குப் போதுமான விஷயம் காலடியில் கிடக்கையில், பதினைந்து நிமிஷத்தில் தோண்டிய என் சுரங்கத்துக்குத்தான் ஆறு நிமிஷம் கிடைத்தது. கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

எல்லாரும் கலைந்த பிறகு அவரை டீக்கடைக்கு அழைத்துக்கொண்டு போனேன். மச்சினன் தடுத்தும் கேட்காமல், "தம்பி, அந்தச் சுரங்கம் நான் எழுதினது" என்று சொல்லிவிட்டேன். தேதிப் பிழையையும் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"நான் புஸ்தகம் எல்லாம் படிக்கலை சார். எங்க ஆயா சொன்ன கதை. சலங்கைகூட ஆயா சொன்னதுதான்."

ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாதாம். ஆனால் வீட்டில் பத்திரிகை வாங்கினார்களாம். அக்காள் வாரா வாரம் படித்துக் காட்டுவாளாம். எந்தப் பத்திரிகை என்று நான் கேட்கவில்லை. தெரிந்துவிட்டது. என் வாழ்நாளில் கிடைத்த மிகப் பெரிய பாராட்டையும் மிகப் பெரிய அடியையும் ஒரே கிளாஸ் டீயோடு விழுங்கினேன்.

பிறகு மனத்தில் கிடந்ததைக் கேட்டேன். "ஆயா கதை சரி. வழியில் அந்தப் பையன் கேட்டானே, அதற்கு ஏன் 'அது வேற' என்று சொல்லிவிட்டீர்கள்?"

அவர் டீயை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தார்.

"எங்க நைனா அந்த வேலைதான் சார் பாத்தாரு. பதினெட்டு வருஷம். முந்நூறு ரூபா வாங்கிக்கிட்டு அதைக் காட்டச் சொல்றீங்களா?"

வீட்டிலிருந்து கிளம்பும்போதே இந்தக் கட்டுரைக்கு ஒரு தலைப்பு யோசித்து வைத்திருந்தேன். அதை அங்கேயே விட்டுவிட்டேன். அவர் மறைத்தார் என்று எண்ணியது தப்பு. அவர் காத்துக்கொண்டு நின்றார். இருபது பேர் மூக்கைப் பொத்துகிற காட்சியாக அதை ஆக்கக் கூடாது என்றுதான் நடையை எட்டிப் போட்டிருக்கிறார். ஆனாலும் அந்தப் பையனுக்குப் பதில் கிடைக்கவில்லை என்ற என் குறை அப்படியேதான் இருக்கிறது. அதையும் அவரிடம் சொன்னேன். மறுத்துப் பேசவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை.

டீக்குப் பணத்தை அவர்தான் கொடுத்தார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. "அடுத்த ஞாயிறு ஏழுகிணறு சார். ஆறு மணிக்கு வாங்க. காசு வேணாம்" என்றார். கட்டிக்கொண்டுதான் போனேன். கிணற்றைப் பற்றி நல்ல கதை சொன்னார்; வருஷங்களும் சரியாக இருந்தன. போகிற வழியில் ஒரு தெருவில் வட்ட இரும்பு மூடி ஒன்று கிடந்தது. அதைத் தாண்டுகையில் ஒரு நொடி நின்றார். காலை மூடி மேல் வைக்காமல் சுற்றிக்கொண்டு போனார். எங்களில் யாரும் அதைக் கேட்கவில்லை.